யார் விரலைத் தடுக்கிறது? துப்பாக்கிப் பாதுகாப்புத் தொழில்நுட்பச் சர்ச்சை, ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் ஒரு குழந்தை வீட்டில் இருந்த துப்பாக்கியை எடுத்து, தெரியாமல் சுட்டுவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே வரும். "கையில் இருக்கும் போன்கூட நம் விரல் பட்டால்தான் திறக்கிறது. துப்பாக்கிக்கு மட்டும் ஏன் அது இல்லை? சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிவிட்டால் தீர்ந்தது அல்லவா?" பதிலும் தயாராக இருக்கும். "அதெல்லாம் துப்பாக்கியைப் பறிப்பதற்கு முதல் படி. திருடன் வீட்டுக்குள் நிற்கும்போது பேட்டரி தீர்ந்துபோனால் யார் பொறுப்பு?"

இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்புமே 'பாதுகாப்புத் தொழில்நுட்பம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஐந்தாறு வேறு வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன. ஒருவர் பூட்டை நினைத்துக்கொண்டு பேசுகிறார், இன்னொருவர் கைரேகை படிக்கும் துப்பாக்கியை. மூன்றாமவர் மனதில் இருப்பது போலீஸ் விசாரணைக்கு உதவும் ஒரு கருவி. அப்புறம் எப்படி வாதம் ஒரு முடிவுக்கு வரும்?

எனக்குக் குழப்பம் தெளிந்தது ஒரே ஒரு கேள்வியால்தான். எந்தக் கருவியைப் பற்றிப் படித்தாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்வேன்: இது யார் விரலைத் தடுக்கிறது? இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது.

## மருந்துப் புட்டியின் மூடி

துப்பாக்கியைச் சற்று நேரம் மறந்துவிடுவோம். சில மருந்துப் புட்டிகளின் மூடியை அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். பெரியவர்களுக்கு அது இரண்டு நொடி வேலை. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த இரண்டு செயலையும் சேர்த்துச் செய்ய வராது. அமெரிக்காவில் இதைக் கட்டாயமாக்க 1970-ல் சட்டம் வந்தது. அந்த மூடி ஆளைப் பார்ப்பதில்லை. பலமும் பக்குவமும் இல்லாத கையை மட்டும் தடுக்கிறது.

காரில் சீட் பெல்ட் போடவில்லை என்றால் ஒரு விளக்கு எரியும், ஒலி எழும்பும். அது யாரையும் தடுப்பதில்லை. சேதி சொல்கிறது, அவ்வளவுதான். கேட்பதும் கேட்காததும் ஓட்டுபவர் விருப்பம்.

மூன்றாவது, போனின் கைரேகைப் பூட்டு. கையில் பலம் இருக்கிறதா, பக்குவம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. இந்த ஆளா, வேறு ஆளா என்பதை மட்டும் பார்க்கிறது.

தடுப்பது, சொல்வது, ஆளைத் தெரிந்துகொள்வது. துப்பாக்கியில் பேசப்படும் வசதிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும்.

மருந்து மூடிக்கும் காருக்கும் கட்டாய விதி எளிதாக வந்தது, துப்பாக்கிக்கு வரவில்லை. அதற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. அன்றாடப் பொருள்கள் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று பார்க்க அமெரிக்க நாடாளுமன்றம் 1972-ல் ஓர் ஆணையத்தை அமைத்தது. சிகரெட் லைட்டரைக் குழந்தைகள் எளிதில் பற்றவைக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 1994-ல் விதி கொண்டுவந்தது அதே ஆணையம்தான். ஆனால் அதன் எல்லைக்குள் துப்பாக்கி வராது என்று சட்டத்திலேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பொம்மைத் துப்பாக்கியின் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்று 1988-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. நிஜத் துப்பாக்கியின் வடிவமைப்பைப் பார்த்து "இதை இப்படி மாற்று" என்று சொல்ல அந்த ஆணையத்துக்கு இன்றும் அதிகாரம் இல்லை. இந்த வேறுபாடு எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.

ஆகவே இந்தச் சண்டை தலைநகரில் நடப்பதைவிட மாநிலங்களில்தான் அதிகம் நடக்கிறது. முக்கியமாக கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ்.

## துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது

இது தெரியாமல் மேலே போக முடியாது. பயப்பட வேண்டாம், நான்கு சொற்கள் போதும்.

இன்று அதிகம் விற்கும் கைத்துப்பாக்கியின் பிடிக்குள் ஒரு தகரப் பெட்டி போன்ற பகுதி செருகப்பட்டிருக்கும். தோட்டாக்கள் அதில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அதுதான் மேகசின். சுடுவதற்குத் தயாராக இருக்கும் ஒரு தோட்டா, மேகசினை விட்டு மேலேறி, குழலின் பின்முனையில் உள்ள சிறு குழிக்குள் போய் உட்காரும். அந்தக் குழிக்குப் பெயர் சேம்பர். விரலால் இழுக்கும் பகுதி ட்ரிகர். அதை இழுத்தால் ஃபயரிங் பின் என்ற சிறு ஊசி முன்னால் பாய்ந்து தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும். தோட்டா வெடிக்கும்.

இதில் உயிரைக் குடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெட்டியைத்தான் எடுத்துவிட்டோமே! ஆனால் சேம்பருக்குள் ஏறிய தோட்டா அங்கேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. "இதில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே நண்பனை நோக்கி ட்ரிகரை இழுத்த பதின்வயதுப் பையன்களின் கதை, அமெரிக்க விபத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

## பேட்டரி இல்லாத வசதிகள்

பாதுகாப்பு வசதி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பெருவிரலால் தள்ளும் சிறு நெம்புகோல். தள்ளினால் ட்ரிகர் வேலை செய்யாது, மறுபடி தள்ளினால் செய்யும். இது யார் விரலைத் தடுக்கிறது? உண்மையில் யாரையும் தடுப்பதில்லை. எடுத்துப் பார்க்கும் எவரும் தள்ளிவிடலாம். துப்பாக்கி வைத்திருப்பவர் தவறிச் சுட்டுவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

கீழே விழுந்தால் தானாக வெடிக்காமல் இருக்க ஃபயரிங் பின்னை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும் ஏற்பாடு இன்னொன்று. இது எந்த விரலையும் பற்றியதே அல்ல, தரையைப் பற்றியது. கலிஃபோர்னியா 1999-ல் இயற்றிய சட்டப்படி, அந்த மாநிலத்தில் விற்கப்படும் கைத்துப்பாக்கி மாடல் ஒவ்வொன்றும் கான்கிரீட்மேல் போட்டுப் பார்க்கும் சோதனையில் தேற வேண்டும். இதை எதிர்த்துப் பேசுபவர்கள் குறைவு.

குழந்தையை மனதில் வைத்துச் செய்த துப்பாக்கியும் புதிதல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1887-லேயே அப்படி ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிடியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் நன்றாக அழுத்தினால்தான் ட்ரிகர் நகரும். சிறு கைக்கு அவ்வளவு பலம் இருக்காது. மருந்து மூடிக்கும் இதற்கும் யோசனை ஒன்றுதான். மூடியைவிட எண்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

இப்போது சேம்பரில் ஒளிந்திருக்கும் அந்தத் தோட்டாவுக்கு வருவோம். அதற்கென்றே இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, சேம்பரில் தோட்டா இருந்தால் மேலே சிறு தகடு எழும்பி நிற்பது. இதைத் தோட்டாகாட்டி என்று வைத்துக்கொள்வோம். இது 'சொல்லும்' வகை. இன்னொன்று, மேகசினைக் கழற்றியதும் சேம்பரில் தோட்டா இருந்தாலும் சுட முடியாமல் செய்வது. இது 'தடுக்கும்' வகை. இதற்கு மேகசின் தடை என்று பெயர் வைப்போம். கலிஃபோர்னியா 2007 முதல் புதிதாக அனுமதி கேட்கும் பெரும்பாலான கைத்துப்பாக்கி மாடல்களுக்கு இவை இரண்டையும் கட்டாயமாக்கியது.

இவை பார்வைக்கு மிக எளிய பொருள்கள். ஆனால் இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் இவற்றுக்குத்தான் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் தணிக்கை அலுவலகம் 1991-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தற்செயல் துப்பாக்கிச் சாவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்து, எந்தக் கருவி இருந்திருந்தால் இந்த உயிர் பிழைத்திருக்கும் என்று கேட்டார்கள். சிறு குழந்தை சுட முடியாத பூட்டும் தோட்டாகாட்டியும் சேர்ந்து 31 சதவீதச் சாவுகளைத் தடுத்திருக்கலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. அதில் 23 சதவீதம் தோட்டாகாட்டியால் மட்டும்.

2003-ல் வெளியான இன்னொரு ஆய்வு 117 சாவுகளை இதே முறையில் பார்த்தது. தோட்டாகாட்டி 20 சதவீதம், மேகசின் தடை 4 சதவீதம், உரியவர் கையில் மட்டும் சுடும் துப்பாக்கி 37 சதவீதம் தடுத்திருக்கலாம் என்றது. மூன்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தாலே 44 சதவீதம்.

'தடுத்திருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கருவி இருந்து, அது வேலை செய்து, எதிரே இருப்பவர் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தால் என்ற கணக்கு அது. நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. எழும்பி நிற்கும் தகட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பையனுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான், கையேடு படிக்காத ஒரு பெரியவருக்கும் புரியும்படி எழுத்தோ படமோ துப்பாக்கியிலேயே இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா விதித்தது.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். தகடு எழும்பவில்லை, ஆகவே காலி என்று நம்பப் பழகிவிட்டால் அந்தப் பாடம் தேய்ந்துவிடும், தகடு பழுதானால் என்ன ஆகும் என்கிறார்கள். மேகசின் தடையைப் பற்றிச் சொல்வது வேறு: தாக்குபவன் எதிரில் நிற்கும்போது மேகசின் மாற்றும் அந்த இரண்டு நொடியில் கையில் இருப்பது வெறும் இரும்பாகிவிடும். முதல் வாதம் பயிற்சி பெற்றவர்களுக்குப் பொருந்தும். ஆனால் இந்தச் சாவுகளில் பல நடப்பது பயிற்சியே இல்லாத கைகளில். அதனால் என் மனம் தோட்டாகாட்டியின் பக்கம்தான் சாய்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: நெம்புகோல் உரியவரின் தவறைத் தடுக்கிறது, பிடியை அழுத்தும் ஏற்பாடு சிறு குழந்தையைத் தடுக்கிறது, தோட்டாகாட்டியும் மேகசின் தடையும் 'காலி' என்று நம்பிவிட்டவரைக் காப்பாற்ற முயல்கின்றன. வேண்டுமென்றே சுட நினைப்பவரை இவற்றில் எதுவும் தடுக்காது. திருடனையும் தடுக்காது.

## ஸ்மார்ட் துப்பாக்கி எப்படி ஆளைத் தெரிந்துகொள்கிறது

திருடனையும், பதினைந்து வயதுப் பையனையும் தடுக்க வேண்டுமென்றால் துப்பாக்கிக்கு ஆள் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, உங்களிடம் இருக்கும் ஒரு பொருளைத் தெரிந்துகொள்வது. 1970-களிலேயே காந்த மோதிரம் அணிந்த கையில் மட்டும் சுடும் ரிவால்வர் வந்துவிட்டது. இப்போது மோதிரத்துக்குள்ளோ கைக்கடிகாரத்துக்குள்ளோ ஒரு ரேடியோ சிப் இருக்கும். துப்பாக்கி அதன் சமிக்ஞையைத் தேடும், கிடைத்தால் உள்ளே இருக்கும் தடை விலகும். சாவி இல்லாமல் பொத்தானை அழுத்திக் கிளப்பும் காரைப் போல. இதில் ஒன்றை மறக்கக் கூடாது. கார் உங்களைத் தெரிந்துகொள்வதில்லை, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கருவியைத்தான் தெரிந்துகொள்கிறது.

இரண்டாவது வழி, உங்கள் உடலையே தெரிந்துகொள்வது: கைரேகை, முகம். கொலராடோவைச் சேர்ந்த பயோஃபயர் என்ற நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்த 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் இரண்டும் உண்டு. கைரேகை அல்லது முகம், ஏதாவது ஒன்று பொருந்தினால் திறக்கும், பிடியை விட்டதும் மறுபடி பூட்டிக்கொள்ளும். அறிவித்தபோது விலை 1,499 டாலர்.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் எங்கே? போனை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் ஈரமாக இருந்தால் திறக்காது. சலித்துக்கொண்டு துடைத்துவிட்டு மறுபடி வைப்போம். இது ஒரு தவறு: உரியவரையே "நீ யார்?" என்று கேட்டுவிடுவது. இதைத் தவறான மறுப்பு என்பார்கள். எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கலாம்: அந்நியரை உரியவர் என்று உள்ளே விட்டுவிடுவது. அது தவறான ஏற்பு.

இந்த இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். கைரேகை நூற்றுக்கு எவ்வளவு பொருந்தினால் சரி என்று ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோட்டை உயர்த்தினால் அந்நியர் நுழைவது குறையும், ஆனால் வியர்த்த விரலோடு வரும் உரியவரும் அடிக்கடி வெளியே நிற்பார். தாழ்த்தினால் உரியவருக்குச் சுலபம், அந்நியருக்கும் சுலபம். நல்ல சென்சார் இரண்டு தவறுகளையும் குறைக்கும். ஆனால் எந்தச் சென்சாராலும் இரண்டையும் ஒரேயடியாகப் பூஜ்யமாக்க முடியாது.

போனில் தவறான மறுப்பு நடந்தால் ஐந்து நொடி போகும். தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவர் பயப்படுவது அந்த ஐந்து நொடிக்குத்தான். கையில் ரத்தம், சேறு, உறை. இருட்டு. நடுக்கம். வீட்டில் சிறு குழந்தை வைத்திருப்பவர் பயப்படுவது தவறான ஏற்புக்கு. இரண்டு பேரும் உண்மையாகத்தான் பயப்படுகிறார்கள், வேறு வேறு தட்டைப் பார்த்து.

பேட்டரிக் கேள்வியும் இதே தராசில்தான் வருகிறது. மின்சாரம் தீர்ந்தால் துப்பாக்கி பூட்டிய நிலையில் நிற்க வேண்டுமா, திறந்த நிலையில் நிற்க வேண்டுமா? பூட்டிக்கொண்டால் ஆபத்து நேரத்தில் உரியவருக்கு உதவாது. திறந்துகொண்டால், பேட்டரியைக் கழற்றத் தெரிந்த எந்தப் பையனுக்கும் அது சாதாரணத் துப்பாக்கி. இதற்குப் பொறியாளரிடம் மட்டும் விடை இல்லை. யாரைக் காக்க வாங்குகிறோம் என்பதைப் பொறுத்த விடை அது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சரி செய்துவிடலாம். ஸ்மார்ட் துப்பாக்கி என்றாலே அரசு தூரத்திலிருந்து பார்க்கும், அணைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆளைத் தெரிந்துகொள்ள இணைய இணைப்பு தேவையே இல்லை. கைரேகை ஒப்பீடு துப்பாக்கிக்குள்ளேயே முடிந்துவிடும். யாராவது இணைப்பும் வைத்துச் செய்தால் அதைத் தனியாக எதிர்க்கலாம். இரண்டையும் ஒன்றாக்குவது சரியல்ல.

## ஒரு கைக்கடிகாரமும் சில காந்தங்களும்

ஜெர்மனியின் அர்மாடிக்ஸ் நிறுவனம் ஐபி1 என்ற .22 கைத்துப்பாக்கியைச் செய்தது. கூடவே ஒரு கைக்கடிகாரம். கடிகாரம் சுமார் 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் சுடும். 2014-ல் கலிஃபோர்னியாவிலும் மேரிலாந்திலும் இதை விற்பதாகச் சொன்ன கடைகள்மீது துப்பாக்கி ஆதரவாளர்களின் கோபம் பாய்ந்தது. மேரிலாந்துக் கடைக்காரருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கிவிட்டார்.

2017-ல் ஒரு ஹேக்கர் இதே துப்பாக்கியை எடுத்து ஆராய்ந்தார். துப்பாக்கிக்குள் ஃபயரிங் பின்னை மறித்து நின்ற தடையை, சுமார் 15 டாலர் விலையுள்ள காந்தங்களைப் பக்கத்தில் வைத்தே நகர்த்திக் காட்டினார். கடிகாரமே தேவைப்படவில்லை. ரேடியோ சமிக்ஞையைக் கடத்தித் தூரத்தை நீட்டவும், குழப்பி உரியவரையே சுடவிடாமல் செய்யவும் அவரால் முடிந்தது.

இதைக் காட்டி ஸ்மார்ட் துப்பாக்கியே ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்து அதுவல்ல. காந்தம் வைத்துத் திறக்கத் தெரிந்த திருடனுக்கு எதிராக அந்தப் பூட்டு தோற்றது. அலமாரியில் அதைக் கண்டெடுக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு எதிராகத் தோற்றதா? இல்லை. 'யார் விரல்' என்ற கேள்வியை விட்டுவிட்டால் 'தோற்றது' என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

## கட்டாயமே தடையாகிப்போன கதை

நல்ல கருவி என்றால் மக்களே வாங்கமாட்டார்களா? எதற்காக அந்தக் கடைக்காரரை மிரட்டினார்கள்? பதில் நியூ ஜெர்சியில் இருக்கிறது.

நியூ ஜெர்சி 2002-ல் ஒரு சட்டம் இயற்றியது. உரியவர் கையில் மட்டும் சுடும் கைத்துப்பாக்கி அமெரிக்காவில் எங்காவது சில்லறை விற்பனைக்கு வந்துவிட்டால், அதிலிருந்து மூன்று ஆண்டுகள் கழித்து, நியூ ஜெர்சிக் கடைகளில் அந்த வகைத் துப்பாக்கிகளை மட்டும்தான் விற்க முடியும். எழுதியவர்களின் எண்ணம், தயாரிப்பாளர்களுக்கு ஒரு சந்தை உறுதி என்று காட்டுவது. நடந்தது நேர்மாறு. எங்கோ ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு கடை ஒரே ஒரு மாடலை விற்றாலும் நியூ ஜெர்சியில் அந்த மூன்றாண்டுக் கெடு ஓடத் தொடங்கிவிடும். ஆகவே சாதாரணத் துப்பாக்கியே வேண்டும் என்பவர்களுக்கு, நாடு முழுவதும் அந்த முதல் விற்பனையைத் தடுப்பதே குறியாகிவிட்டது. மேரிலாந்துக் கடைக்கு வந்த மிரட்டலின் வேர் இது. போலீசுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்ததும் எதிர்ப்பவர்களுக்கு வசதியாகப் போனது. நம்பகமானது என்றால் போலீசுக்கு ஏன் விலக்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இதில் ஒரு திருப்பம். 2014 இறுதியில் நியூ ஜெர்சி அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஐபி1 அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வராது என்று முடிவு செய்தது. கடிகாரம் பக்கத்தில் இருந்தால் யார் வேண்டுமானாலும் சுடலாமே என்பது காரணம். காரின் சாவியில்லாக் கருவியைப் பற்றி மேலே சொன்ன அதே விஷயம்.

சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவரான மாநில செனட்டர் லொரெட்டா வைன்பெர்க், ஸ்மார்ட் துப்பாக்கி விற்பனைக்குக் குறுக்கே நிற்பதில்லை என்று, துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கம் ஒப்புக்கொண்டால் சட்டத்தை விலக்கிக்கொள்ளத் தயார் என்று சொன்னார். இறுதியில் 2019-ல் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது. இப்போது உள்ள விதி வேறு மாதிரி: ஒரு குழு அங்கீகரித்த மாடல் வந்தபின், நியூ ஜெர்சிக் கடைகள் அதில் ஒன்றையாவது விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும். மற்ற துப்பாக்கிகளையும் விற்கலாம். வாங்குபவரைக் கட்டாயப்படுத்துவதற்கும் கடைக்காரரை வைத்திருக்கச் சொல்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. 'கட்டாயம்' என்ற ஒரு சொல் இரண்டையும் மறைத்துவிடுகிறது.

தயாரிப்பாளர்கள் பயப்படுவதற்கு இன்னொரு பழைய நினைவும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2000 மார்ச்சில் கிளிண்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பூட்டு வைப்பது, ஆளைத் தெரிந்துகொள்ளும் துப்பாக்கியை உருவாக்குவது எல்லாம் அதில் இருந்தன. துப்பாக்கி வாங்குபவர்கள் அந்த நிறுவனத்தைப் புறக்கணித்தார்கள். அப்போதைய உரிமையாளரான பிரிட்டிஷ் நிறுவனம் 1987-ல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதை, 2001-ல் 1.5 கோடி டாலருக்கும், கடனை வாங்குபவர் ஏற்றுக்கொள்வதற்கும் விற்றுவிட்டது. வீழ்ச்சிக்குப் புறக்கணிப்பு மட்டும் காரணமல்ல. ஆனால் மற்ற நிறுவனங்கள் படித்துக்கொண்ட பாடம் அதுதான்.

தேசிய ரைஃபிள் சங்கம் ஸ்மார்ட் துப்பாக்கியை எதிர்க்கிறது என்று எழுதுவார்கள். தொழில்நுட்பத்தை எதிர்க்கவில்லை, கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறோம் என்பது அவர்கள் சொல்லும் நிலைப்பாடு. மறுபக்கத்திலும் எல்லோரும் ஒரே குரலில் இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று பாடுபடும் வயலன்ஸ் பாலிசி சென்டர் என்ற அமைப்பே ஸ்மார்ட் துப்பாக்கியைச் சந்தேகத்தோடு பார்த்தது. 'பாதுகாப்பானது' என்ற பெயரைக் கேட்டு, இதுவரை வாங்காதவர்களும் வாங்கத் தொடங்கினால் வீட்டில் துப்பாக்கிகள்தானே பெருகும் என்று கேட்டது.

## நுண்முத்திரை: இது பாதுகாப்புக் கருவியே அல்ல

கலிஃபோர்னியா 2007-ல் இன்னொரு சட்டமும் இயற்றியது. ஃபயரிங் பின்னின் முனையில் லேசரால் மிக நுண்ணிய எழுத்துகளைப் பொறித்துவிடுவார்கள். சுடும்போது அது தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்துமல்லவா, அப்போது எழுத்துகள் அங்கே பதியும். சம்பவ இடத்தில் கிடக்கும் காலித் தோட்டாவைப் பார்த்து எந்தத் துப்பாக்கி என்று கண்டுபிடிக்கலாம். இதற்கு நுண்முத்திரை என்று பெயர் வைப்போம்.

நம் கேள்வியைக் கேளுங்கள். இது யார் விரலைத் தடுக்கிறது? யார் விரலையும் இல்லை. சுட்டபிறகு புலனாய்வுக்கு உதவும் கருவி இது. நல்லதாகவே இருக்கலாம், ஆனால் குழந்தைப் பூட்டோடு ஒரே பட்டியலில் வைத்துப் பேசுவதால் இரண்டுக்குமே கெடுதல். காப்புரிமைச் சிக்கல் தீர்ந்தது என்று அறிவிக்கப்பட்ட 2013-ல்தான் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பாளர்கள் அந்த வசதியோடு எதையும் கொண்டுவரவில்லை. ஆகவே அடுத்த பத்தாண்டு புதிய மாடல்கள் அந்த மாநிலத்தின் அனுமதிப் பட்டியலில் ஏறவே முடியாமல் போயிற்று. 2023-ல் இயற்றிய புதுச் சட்டம், தொழில்நுட்பம் சாத்தியம் என்று உறுதியானால் 2028 முதல் நுண்முத்திரையைக் கட்டாயமாக்கச் சொல்கிறது.

## நீதிமன்றம் எங்கே நிற்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் வாஷிங்டன் நகரச் சட்டம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வீட்டில் இருக்கும் துப்பாக்கியைக் கழற்றியோ, ட்ரிகரில் பூட்டுப் போட்டோ வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆபத்து நேரத்தில் தற்காத்துக்கொள்ளவே முடியாமல் செய்கிறது என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் இன்னொரு தீர்ப்பில், துப்பாக்கிச் சட்டங்கள் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. அதை வைத்து 2023 மார்ச்சில் ஒரு மத்திய நீதிபதி கலிஃபோர்னியாவின் தோட்டாகாட்டி, மேகசின் தடை, நுண்முத்திரை விதிகளை நிறுத்தி வைக்க உத்தரவிட்டார். முதல் இரண்டுக்காக மாநிலம் மேல்முறையீடு செய்தது. 18-ஆம் நூற்றாண்டில் தோட்டாகாட்டி ஏது? எந்தப் பழைய சட்டத்தை அதற்கு ஒப்பாகக் காட்டுவது என்பதுதான் அங்கே வாதம்.

## எந்தச் சாவு?

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு மனம் கனத்தது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் கொலை 20,958. தற்செயல் விபத்து 549. தற்கொலை 26,328. பாதிக்கும் மேல்.

விபத்து எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், 549 பேருக்காக இவ்வளவு பெரிய சட்டமா என்று கேட்பார். அந்த 549-இல் ஒருவரின் தாயிடம் அப்படிக் கேட்க முடியாது. ஆனால் கேள்வியின் இன்னொரு பாதி முக்கியமானது: மற்ற சாவுகளில் இந்தக் கருவிகள் எதைத் தொடும்?

தன் சொந்தத் துப்பாக்கியால் தன்னையே மாய்த்துக்கொள்பவரை ஸ்மார்ட் துப்பாக்கி தடுக்காது. அது அவர் விரலைத்தான் உரிய விரல் என்று தெரிந்து வைத்திருக்கிறது. ஆனால் அப்பாவின் துப்பாக்கியைத் தேடிப்போகும் பதினாறு வயது மகளைத் தடுக்கும். தற்கொலை எண்ணம் பல நேரம் ஓர் அலை போல எழுந்து தணிவது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பிழைப்பவர்கள் உண்டு, துப்பாக்கி கிடைத்துவிட்டால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. துப்பாக்கியைப் பூட்டி, தோட்டா இல்லாமல், தோட்டாக்களைத் தனியே பூட்டி வைத்திருக்கும் வீடுகளில் இளையோர் தற்கொலையும் விபத்தும் குறைவாக இருந்ததை 2005-ல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று காட்டியது. 2020 முதல் அமெரிக்கக் குழந்தைகள், பதின்வயதினரின் சாவுக்கு வாகன விபத்தையும் தாண்டி முதல் காரணம் துப்பாக்கிதான். விபத்து மட்டும் அல்ல, கொலையும் தற்கொலையும் சேர்ந்த கணக்கு அது.

கொலையில் திருட்டுத் துப்பாக்கிகளின் பங்கு ஒன்று உண்டு. அங்கே ஆளைத் தெரிந்துகொள்ளும் துப்பாக்கி உதவக்கூடும், காந்தக் கதையை மறக்காமல் இருந்தால். சட்டப்படி வாங்கிய தன் துப்பாக்கியோடு கூட்டத்தில் நுழைபவரிடம் அது உதவாது.

## ஏற்கெனவே வீட்டில் இருப்பவை

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அமெரிக்கப் பொதுமக்களிடம் 39.3 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2018-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. மக்கள்தொகையைவிட அதிகம். நாளைக்கே எல்லா மாநிலங்களும் ஸ்மார்ட் துப்பாக்கியைக் கட்டாயமாக்கினாலும் அது புதிதாக விற்பவற்றுக்குத்தான். மேலே சொன்ன அலமாரியில் இருப்பது அநேகமாகப் பழைய துப்பாக்கி.

அதற்கு இப்போது இருப்பது சாதாரணப் பூட்டுதான். 2005-ல் வந்த மத்திய சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கி விற்கும்போது ஒரு பூட்டையோ பெட்டியையோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கொடுப்பது கம்பிப் பூட்டு. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று பார்த்துவிட்டு, துப்பாக்கியின் உடலுக்குள் கம்பியை நுழைத்துப் பூட்ட வேண்டும். கம்பி உள்ளே இருக்கும்வரை துப்பாக்கி மூடாது, மூடாவிட்டால் சுடாது. பேட்டரி இல்லை, சென்சார் இல்லை, தவறான மறுப்பு இல்லை.

விற்பவர் அதைக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குப் போனபின் பூட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியே சட்டம் வைத்திருக்கின்றன. பூட்டுகிற வீடுகளிலும் சாவி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது பதினாறு வயது மகளுக்குத் தெரிந்திருந்தால், அந்தக் கம்பி தடுப்பது தம்பியின் விரலைத்தான், அவளுடையதை அல்ல.